நசீர் காத்திருந்தது

போர்க்காலம். திருகோணமலைத் துறைமுகத்தருகே ஓர் ஐஸ் தொழிற்சாலையில் கணினிகளை இணைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. பெரிய மோட்டர்கள் ஓடும் இடத்துக்கு, மின் இடையூறு புகாதபடி கவசமிட்ட கேபிள்தான் வேண்டும். அதைக் கொழும்பிலிருந்து கொண்டுவர இராணுவ அனுமதி தேவை. வயர்ச் சுருளோடு சோதனைச் சாவடியில் நின்றால் குண்டுக்கென்று சந்தேகிப்பார்கள் எனப் பயந்து, கையிலிருந்த சாதாரண கேபிளையே இழுத்துவிட்டேன்.

மோட்டர் ஓடும்போதெல்லாம் இணைப்பு விட்டுப்போனது. முதலாளி, கணினியில் வேலைசெய்த கிண்ணியா ஊரைச் சேர்ந்த நசீரைச் சந்தேகித்தார்.

"நீர்தானே வேணுமெண்டு வயரைக் கழட்டுறீர்?" என்று எல்லோர் முன்னிலும் கத்தினார். அப்படியொரு பேச்சு இராணுவ முகாம்வரை போனால், ஆள் திரும்பி வருவது நிச்சயமில்லாத காலம். நசீர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து கேபிளைச் சோதிப்பதுபோல் நடித்தேன்.

பிறகு, வேறு கேபிள் நல்லது என்று மட்டும் முதலாளியிடம் மழுப்பினேன். அனுமதி கேட்கப் புறப்பட்டபோது நசீர் வந்தார்.

"தனியப் போகாதீங்க. எனக்குச் சிங்களம் தெரியும், நானும் வாறன்."

முகாம் வாசலில் வரிசையில் நிற்கும்போது சொன்னேன்: "பிழை என்னில, நசீர்."

"ஓம், தெரியும். மோட்டர் போட்டால்தான் லைன் போகுதெண்டு நானும் கண்டனான். நீங்களே சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

அன்று மாலையே முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். புதிய கேபிளும் வந்தது. யாரும் என்னை ஏசவில்லை. நசீராவது ஏசியிருக்கலாம்.