பாவு நீட்டும் தெருவும் எங்கள் அக்காவும்

அக்காவின் இந்த நினைவு மலரில் எழுத எனக்குத் தகுதி இல்லை. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காதவன் நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அக்காவைப் பற்றிச் சொல்ல ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் அக்காவின் கணவரான மாமா, "கூடப் பொறந்தவன் நீ எழுதலன்னா வேற யாருடா எழுதுவாங்க?" என்று சொல்லிவிட்டார். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அக்கா பிறந்தது தேசூரில், அம்மாவின் தாய்வீட்டில். வளர்ந்தது ஆரணியில், இதே தெருவில். பத்தாம் வகுப்பு முடித்த ஆண்டு அப்பா படுக்கையில் விழுந்ததால் மேலே படிக்காமல் தறியில் உட்கார்ந்தார். பிறகு எதிர் வீட்டு மாமாவுக்கே அவரை மணம் முடித்தோம். "பொண்ண அனுப்பி வைக்கிற வண்டிச் செலவு மிச்சம்" என்று உறவினர்கள் கேலி செய்தது நினைவிருக்கிறது. ஒரே மகள் பிறந்து சில மாதங்களில் தவறிவிட்டாள். அந்தத் துக்கத்தை அக்கா யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

வெளியூர் நண்பர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். விடிந்ததும் எங்கள் தெருவில் பாவு நீட்டுவார்கள். சேலையின் நீளவாட்டுப் பட்டு இழைகளைத் தெரு நெடுக இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுமுன் சுருட்டிவிடுவார்கள். அதுவரை தெருதான் எங்கள் வேலைக்கூடம்.

அக்கா வார்டு உறுப்பினராக இருந்தபோது ஊருக்குப் புதிய வளர்ச்சித் திட்டம் வந்தது. கல்யாண மண்டபத்தில் வரைபடத்தை மாட்டி மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். அதில் எங்கள் தெரு, போளூர் சாலைக்குப் போகும் இணைப்புச் சாலையாக இருந்தது. நெரிசல் குறையும், கடைகள் பெருகும் என்றார்கள். அது பொய்யும் இல்லை. அக்கா மறுத்துப் பேசக் கை தூக்கியதும் எங்கள் தெருமுனைக் கடைக்காரரே, "ரோடு வந்தா நாலு பேரு பொழப்பாங்க. நீ ஏம்மா குறுக்க நிக்கிற?" என்றார்.

அக்கா எழுந்து, "ரோடு வேணாம்னு சொல்லல சார். காலைல ஒன்பது மணி வரைக்கும் எங்க தெருவ எங்களுக்கு வுட்டுடுங்க. அப்புறம் இன்னா வேணா ஓட்டுங்க" என்றார்.

அதிகாரி பொறுமையானவர். "அதுவரைக்கும் வண்டியெல்லாம் எந்தப் பக்கம் போறது? அதையும் நீங்களே சொல்லுங்கம்மா" என்றார்.

அக்கா வரைபடத்தில் ஏரிக்கரைச் சாலையைக் காட்டினார்.

ஏரிக்கரையில் குடியிருப்பவர்கள் நிலமில்லாத கூலிக் குடும்பங்கள். சேதி கேட்டதும் அங்கிருந்து மல்லிகா என்பவர் நேராக அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏங்க மெம்பரம்மா, உங்க பட்டு மேல தூசி படக்கூடாது, எங்க புள்ளைங்க மேல லாரி ஏறலாமா?"

அக்காவின் முகம் வாடிவிட்டது. "தப்புதாம்மா. அந்தப் பக்கம் வந்து பாக்காமலே சொல்லிட்டேன்."

"இப்ப வந்து பாருங்களேன். காலு ஒண்ணும் தேஞ்சிடாது."

அக்கா அப்படியே கிளம்பினார். நானும் பின்னால் போனேன். அந்தச் சாலையில் விளக்கில்லை. ஒதுங்கி நடக்க இடமில்லை. பள்ளிப் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் போகிறார்கள். அன்றிலிருந்து இருவரும் சேர்ந்தே அலுவலகங்களுக்கு அலைந்தார்கள். ஏரிக்கரைக்கு நடைபாதையும் விளக்கும் வேகத்தடையும் வந்த பிறகுதான் எங்கள் தெருவைக் காலையில் அடைக்கும் சங்கிலி என்று அக்கா சொல்லிவிட்டார். "நம்ம ஓட்டுல ஜெயிச்சிட்டு ஏரிக்கரைக்கு மெம்பரா இருக்குது" என்று எங்கள் தெருவிலேயே பேசினார்கள். பதவிக்காலம் முடிந்தும் அவர் விடவில்லை. எல்லாம் வந்தது. கடைசியில் எங்கள் தெருமுனையில் இரண்டு கம்பம் நட்டுச் சங்கிலியும் போட்டார்கள்.

தினமும் காலையில் அக்காவே அதை மாட்டுவார். "இன்னாம்மா, காலங்காத்தால பேஜார் பண்ற" என்பார்கள் வண்டிக்காரர்கள். "சுத்திப் போப்பா, ஏரிக்கர ரோடு சூப்பரா கீது" என்று சிரிப்பார். ஒருமுறை காய்ச்சலில் என்னை நிற்கச் சொன்னார். ஒரு வண்டிக்காரர் ஹார்ன் அடித்ததும் நான் பயந்து சங்கிலியைக் கழற்றிவிட்டேன். "நீ காவல் நின்னா லாரி நம்ம அடுப்படிக்கே வந்துடும்டா" என்று பல நாள் சொல்லிச் சிரித்தார்.

அந்தக் கடைசி நாள் காலையும் சங்கிலியை மாட்டிவிட்டு வந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் தெருமுனை வரை வந்தது. உள்ளே வர முடியவில்லை. தெரு நெடுகப் பாவு.

"அறுங்கடா அத! ஜல்தி!" என்று மாமா கத்தினார். பாவுக்குச் சொந்தக்காரர் யோசிக்காமல் கத்தரியை எடுத்துவிட்டார். அக்கா கையை ஆட்டித் தடுத்தார்.

"அறுக்காத... தூக்குங்க போதும்."

ஆள் நடக்க இடமிருந்தது பாவைத் தாண்டி எதிர்ப்பக்கம் மட்டும்தான். அக்காவை நாற்காலியில் வைத்துத் தூக்கினோம். தெருவே பாவைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தது. அதன் கீழே கடக்கும்போது அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"மாம்பழக் கலராடா?"

"ஆமாக்கா."

அதுவே அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. வேலூர் மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே எங்களை விட்டுப் பிரிந்தார்.

மாமா வீடு திரும்பியதும் சங்கிலியைக் கழற்றி வீட்டு மூலையில் எறிந்தார். "இதாண்டா அவள கொன்னுச்சி. இனிமே இது கம்பத்துல ஏறக்கூடாது" என்றார். வண்டி வாசலுக்கே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று மருத்துவரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதுங்க" என்றார். எனக்கும் தெரியவில்லை. தெரியாமலே இருக்க வேண்டியதுதான்.

பாவைத் தூக்கிப் பிடித்த கைகளுக்கும், ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும், வெம்பாக்கத்திலிருந்து ஓடிவந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. ஏரிக்கரைச் சாலையில் நின்று ஆம்புலன்ஸுக்காக மற்ற வண்டிகளை ஒதுக்கியவரும், துக்க வீட்டில் எங்களுக்குச் சோறு போட்டவரும் மல்லிகா அக்காதான். அவருக்கு நன்றி சொன்னால் திட்டுவார். அதனால் எழுதி வைக்கிறேன்.

தகனம் முடிந்த மறுநாள் காலை, பாதியில் சுருட்டிய மாம்பழக் கலர் பாவை மறுபடியும் நீட்டினார்கள். மாமா மூலையில் கிடந்த சங்கிலியை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் மாட்டிவிட்டு அங்கேயே நின்றேன். ஒரு பால் வேன் வந்து ஹார்ன் அடித்தது. "சுத்திப் போங்க" என்றேன். வேன் திரும்பி ஏரிக்கரை வழியாகப் போனது.