புறங்கையால் தொட்டுப் பார்த்தவர்

தனலட்சுமி மேடம் போய்விட்டார் என்று அவர் கணவர் போனில் சொன்னபோது, உளுந்தூர்பேட்டையில் பேருந்துக்காக நின்றிருந்தேன். மாரடைப்பு. இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன். அவசரப்பட்டு இனி என்ன ஆகப்போகிறது என்றிருந்தது.

கள்ளக்குறிச்சியில் அவருடைய கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைக்குப் போனவர்களுக்கு அந்தப் பழக்கம் தெரிந்திருக்கும். சரிசெய்த கம்ப்யூட்டரை உடனே தரமாட்டார். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு பிளக்கையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். "கை வைக்க முடியலன்னா ஓட வுடக் கூடாது சார்" என்பார். முன்பு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நாங்கள் சேர்ந்து பாடம் எடுத்த நாளிலேயே அப்படித்தான். நாடி பார்க்கிறீர்களா மேடம் என்று கிண்டல் செய்வேன்.

சென்டரை மூடிய பிறகு எனக்குக் கிரிப்டோ ஆசை பிடித்தது. சங்கராபுரத்தில் என் வீட்டுக் கூடத்தில் ஆறு கிராபிக்ஸ் கார்டுகளை வைத்து, கிரிப்டோ காசு எடுக்கும் மைனிங் இயந்திரம் கட்டினேன். ஒவ்வொரு கார்டும் ஒரு சின்ன ரைசர் பலகைமேல் உட்காரும். அந்தப் பலகைக்கு மின்சாரம் தர, பலகையோடு இலவசமாக வந்த மெல்லிய சாட்டா ஒயர்களைச் செருகியிருந்தேன். பார்க்க வந்த மேடம், கட்டரை எடுத்து ஆறையும் வெட்டிப் போட்டார்.

"ஹார்ட் டிஸ்க்குக்குப் போற ஒயரு சார் இது. கார்டு இழுக்கறது ஜாஸ்தி, இது தாங்கறது கம்மி. கரண்டு குடுக்கற எஸ்எம்பிஎஸ் பெட்டிலேர்ந்து ஆறு பின் ஒயர நேரா இழுங்க. வூட்ல அம்மா படுத்துக்கினு இருக்காங்க."

கேட்காமல் வெட்டிவிட்டாரே என்று எனக்குக் கோபம். சூடுதானே பிரச்சினை, கல்வராயன் மலையில் மாமனார் வீட்டில் கொண்டுபோய் வைக்கிறேன் என்றேன்.

"மலைக் குளிரு ஒயருக்குள்ள போவாது சார்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

நான் மலைக்கும் போகவில்லை. அதே ஒயர்களை மறுபடி வாங்கிச் செருகினேன். பத்தாம் நாள் மத்தியானம் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. ஒரு பிளக் உருகி ரைசர் பலகையோடு ஒட்டியிருந்தது. மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்க வேண்டிய எம்சிபி விழவில்லை, இயந்திரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். மெயினை அணைத்து, இயந்திரத்தைக் கழற்றி மூலையில் போட்டேன்.

மேடத்திடம் இதைச் சொல்லவே இல்லை. எங்கே பார்த்தாலும் "சூடு இன்னா சார்?" என்று கேட்பார். மூலையில் கிடந்த இயந்திரத்தைப் பற்றி, "ஒண்ணுமில்ல மேடம், நல்லா ஓடுது" என்பேன். வெட்கம். பிறகு அதுவே பழகிவிட்டது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்த உருகிய பிளக்கைப் பிய்த்தெடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். இனி யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. அவர் கணவர் கடையிலிருந்து ஒரு பையை எடுத்து வந்து கொடுத்தார். மேலே என் பெயர். உள்ளே ஆறு பின் ஒயர்கள் ஆறு, என் எஸ்எம்பிஎஸ்ஸுக்கே உரியவை. "வேற கம்பெனி ஒயர் போடாதீங்க, உள்ள பின் வரிசை மாறும்" என்று சீட்டில் மேடத்தின் கையெழுத்து.

"உங்க மிஷினு ஓடலன்னு அவளுக்குத் தெரியும் சார்" என்றார் கணவர். "ஓடற மிஷினுன்னா ஃபேன் தேயும், ஒரு ஃபேன் மாத்தக்கூட வரலியே, எப்படி ஓடும்னு சொல்லிக்கினே இருப்பா. நீங்களா வந்து கேப்பீங்கன்னு இத யாரையும் தொட வுடல."

நேற்று, உருகிய பலகையை ஒதுக்கிவிட்டு, மற்ற ஐந்துக்கும் அந்த ஒயர்களைப் போட்டு ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். பிறகு ஐந்து பிளக்குகளையும் புறங்கையால் தொட்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்தான்.

சூடு இல்லை மேடம். இந்த முறை பொய் சொல்லவில்லை.