படிவத்தில் இல்லாத கேள்வி

அவளுக்கு முப்பத்தைந்து வயது. டாக்டருக்குப் படித்து, அதற்கு மேல் படித்து, அதற்கும் மேல் படித்து, இப்போது பெரிய ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில் ஈரல் நோய் ஆராய்ச்சி செய்கிறாள். வேலையின் பெயர் ரிசர்ச் ஃபெலோ. அதைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்கப் பார்த்துக் கையை விரித்துவிட்டாள். "இன்னுமா படிப்பு முடியல?" என்று அத்தை கேட்டால், "ஆமா அத்தை, இந்த வருஷமும் ஃபெயில்" என்பாள் முகம் மாறாமல். நோயாளிகள் வைத்த பெயர் ஈரல் டாக்டர். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஆராய்ச்சி என்றதும் புகை வரும் கண்ணாடிக் குடுவையை நினைக்க வேண்டாம். பாதி நாள் போனில் போகும். "செவ்வாக்கிழமை காலையில வந்துருங்க, வெறும் வயித்துல." மீதிப் பாதி ரத்தத்தைச் சுழலவிட்டுப் பிரித்து, குப்பியில் ஊற்றி, லேபிள் ஒட்டி, ஃப்ரீசரில் அடுக்குவதில் போகும். ஒருநாள் ஒரு லேபிள் அவள் முழங்கையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்துவிட்டது. கணக்கு வாத்தியாரான கணவன் அதைப் படித்துவிட்டு, "நாற்பத்தேழாம் நம்பர், சாப்பிட வாங்க" என்றான். ஒரு வாரம் அதையே சொல்லிக் கழுத்தறுத்தான்.

குடித்து ஈரல் இறுகிப்போய், பிறகு குடியை விட்டவர்கள்தான் அவள் ஆராய்ச்சியில் இருப்பவர்கள். அந்த இறுக்கத்தைத் தளர்த்துமா என்று ஒரு மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, விலா எலும்புகளுக்கு இடையில் ஒரு கருவியை வைத்துப் பத்துத் தட்டு தட்டினால், ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று மெஷின் ஓர் எண்ணைச் சொல்லும். எண் இறங்கினால் நல்லது. திரும்பக் குடித்தால் ஆள் ஆராய்ச்சியிலிருந்து வெளியே, மாத்திரையும் நிறுத்தம்.

மெஷினுக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்விகளுக்கு வெளியிலிருந்து ஒரு படிவம் மொழிபெயர்த்து வந்திருந்தது. 'கடந்த மூன்று மணி நேரத்தில் உணவு ஏதும் உட்கொண்டீரா? பானம் ஏதும் பருகினீரா?' பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாருங்க இப்படிப் பேசறாங்க? இது என்ன கல்வெட்டா?" என்று நர்ஸிடம் கேட்டு, இரண்டு வரியையும் அடித்துவிட்டு, 'சாப்பிட்டீங்களா? குடிச்சீங்களா?' என்று தானே எழுதினாள். மேலே அனுப்பி அனுமதியும் வாங்கிவிட்டாள். அதன்பிறகு நோயாளிகள் தடுமாறாமல் பதில் சொன்னார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தவர் லிஃப்ட் மெக்கானிக். குடியை விட்டுப் பதினோரு மாதம். நர்ஸ் கேட்ட இரண்டு கேள்விக்கும் 'இல்லை' என்று டிக் விழுந்திருந்தது. போன தடவை அவருடைய எண் ஒன்பது. இப்போது பத்துத் தட்டும் தட்டி முடித்தபோது திரையில் பதினைந்து நின்றது. அவள் இன்னொரு தடவை தட்டினாள். அதே பதினைந்து. மெஷின் மேல் பழி போடவும் வழியில்லை.

ஆராய்ச்சிக்குத் தலைவரான பெரிய டாக்டர் எண்ணைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "குடிச்சிருக்கான்மா. சாயந்திரம் நாலு மணிக்குள்ள ஃபைல் என் மேஜைக்கு வரட்டும். எடுத்துடலாம்."

"குடிக்கல சார்."

"எப்படித் தெரியும்?"

"குடிச்சிட்டு வர்றவங்க நாம கேக்கறதுக்கு முன்னாடியே சத்தியம் பண்ணுவாங்க. இவரு கோபப்படறாரு. நாலு மணிக்கு வர்றேன் சார்."

சொல்லிவிட்டாளே தவிர, கையில் ஆதாரம் ஒன்றுமில்லை. ஆனால் அவளுக்குச் சந்தேகம் துளிகூட இல்லை. பிடித்த பிடியை விட்டுப் பழக்கமில்லாதவள்.

வெளியே நடையில் மெக்கானிக்கும் அவர் மனைவியும் நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்திருந்தார்கள். மனைவியின் மடியில் பை. அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். எண் ஏறிய சங்கதி அவள் காதுக்குப் போய்விட்டது என்று பார்த்தாலே தெரிந்தது.

"அக்கா, உங்களையே கேக்கறேன். இவரு குடிக்கிறாரா?"

"தினம் சாயந்திரம் வாசல்லயே ஊதச் சொல்லித்தான் உள்ள விடறேன் டாக்டர். பதினோரு மாசமா. ஒருநாள்கூட வாசனை வந்ததில்ல. ஆனா மெஷின் பொய் சொல்லுமா?"

"பொறந்ததுலேர்ந்து மொத்தமா நான் இவ்வளவு பலூன் ஊதினதில்ல" என்றார் மெக்கானிக்.

"பேசாதீங்க. பிள்ளைங்களோட அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்னு சொன்னது விளையாட்டுக்கில்ல. இன்னைக்கே போவேன்." மெக்கானிக் தரையைப் பார்த்தார்.

ஈரல் டாக்டர் நடுவிலிருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். "அண்ணே, காலையில எந்திரிச்சதுலேர்ந்து ஒண்ணுவிடாம சொல்லுங்க. என்ன குடிச்சீங்க?"

"எத்தனை தடவை கேப்பீங்க? ஒரு சொட்டு குடிக்கல."

"அந்தக் கஞ்சியைத் தவிர வேற எதுவும் தொண்டையில இறங்கல டாக்டர்" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அதுலேர்ந்து என் பக்கத்துலயேதான் இருக்காரு."

"எந்தக் கஞ்சி?"

"ஓட்ஸ் கஞ்சி. பால் ஊத்தி, வாழைப்பழம் மசிச்சுப் போட்டு. ஆளு இளைச்சுட்டாரேன்னு, போன தடவை இங்க வந்துட்டுப் போனதுலேர்ந்து தினம் குடுக்கறேன். முன்னெல்லாம் காலையில டீகூட இல்லாம ஓடிடுவாரு."

"இன்னைக்கு எத்தனை மணிக்கு?"

"எட்டே முக்காலுக்கு. கிளம்பறப்போ. பெரிய டம்ளர் நிறைய."

மெஷினில் படுத்தது ஒன்பதரைக்கு. "அண்ணே, வெறும் வயித்துல வரச் சொன்னேனே" என்றாள் மெதுவாக.

"வெறும் வயிறுதானே. நான் எங்க சாப்பிட்டேன்? கஞ்சி குடிக்கிறதுதானே?"

"குடிச்சீங்களான்னும் சிஸ்டர் கேட்டாங்கல்ல?"

மெக்கானிக் அவளைப் பாவமாகப் பார்த்தார். "ஈரல் டாக்டர் ரூம்ல உக்காரவெச்சுக் குடிச்சீங்களான்னு கேட்டா, கஞ்சியையா டாக்டர் கேக்கறீங்க?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. 'பருகினீரா' என்று கேட்டிருந்தால் இந்த மனுஷன் சிரித்துக்கொண்டே 'கஞ்சி பருகினேன்' என்று சொல்லியிருப்பார். பெரிய மேதாவி மாதிரி அதை அடித்துவிட்டு 'குடிச்சீங்களா' என்று எழுதியது யார்? அவளேதான். நெற்றியில் ஒரு தட்டு தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"சாப்பிட்டதும் ஈரலுக்கு ரத்தம் நிறையப் போகும். அது உப்பி, இறுகின மாதிரி காட்டும். ஒண்ணரை மணி வரைக்கும் பச்சைத்தண்ணியைத் தவிர ஒண்ணும் தொடாதீங்க. இன்னொரு தடவை பாக்கலாம்."

"அப்போ நான் குடுத்ததுனாலயா?" என்றாள் மனைவி. பை மடியிலிருந்து தரைக்கு இறங்கியது.

ஒன்றரைக்கு அவர் மறுபடி படுத்து, வலது கையைத் தலைக்குமேல் போட்டார். பத்துத் தட்டு. எட்டேகால். போன தடவையைவிட இறங்கியிருந்தது. அவருக்குத் திரை தெரியாதென்று அவளே சத்தமாகப் படித்தாள்.

ஃபைலை நாலு மணி வரை வைத்திருக்க அவளுக்குப் பொறுமையில்லை, கையோடு கொண்டுபோய் நீட்டினாள். பெரிய டாக்டர் இரண்டு எண்ணையும் பார்த்தார், கீழே அவள் எழுதியிருந்த அரைப் பக்கத்தையும் படித்தார். "தப்பு யாருதுன்னு போட்டிருக்க?"

"என்னுது சார். கேள்வியை மாத்தி எழுதிட்டேன். கஞ்சி, டீ, பால், ஜூஸ்னு ஒவ்வொண்ணாப் பேர் சொல்லிக் கேக்கணும். இதுக்கு முன்னாடி வந்த அத்தனை பேருக்கும் போன் போட்டுக் கேக்கறேன்."

"எத்தனை பேரு?"

"ஐம்பத்திரண்டு."

"கேளு" என்று கையெழுத்துப் போட்டார். அவர் அவளிடம் தோற்றதை ஒத்துக்கொள்ளும் விதம் அதுதான்.

அவள் வெளியே வந்தபோது இருவரும் லிஃப்டுக்காக நின்றிருந்தார்கள். "ஆராய்ச்சியில இருக்கீங்க அண்ணே. அடுத்த மாத்திரையை மருந்தகத்துல வாங்கிக்குங்க" என்றாள். மெக்கானிக் தலையாட்டினார். "இந்த லிஃப்ட்ல பெல்ட் தேஞ்சிருக்கு, சத்தம் கேக்குது. ஆளை வரச் சொல்லுங்க" என்றார். கதவு திறந்தது.

பதினோரு மாதப் பழக்கமோ என்னவோ, உள்ளே கால்வைக்கும் முன் அவர் மனைவி பக்கம் குனிந்து, 'ஹா' என்று ஊதப் போனார். அவள் உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினாள்.

"போதும்" என்றாள். "வாங்க, வீட்டுக்குப் போலாம்."