பூசணிப்பூவுக்கு நின்ற பஸ்

பெரிய பஸ் ஒன்று, உள்ளே அத்தனை ஜனத்தோடு, ஒரே ஒரு கால் படியேறி முடிக்கும்வரை அசையாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கால் என் மகளுடையது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான். எனக்கு எழுத்து வராது. பேச்சு வரும், நிறுத்தத்தான் வராது. "அம்மா, விஷயத்துக்கு வா" என்கிறாள். வருகிறேன்.

ஹைதராபாத்தில் ஏ.எஸ்.ராவ் நகர் பக்கம் அப்போது வீடுகள் குறைவு, பாறைகள் அதிகம். என் வீட்டுக்காரருக்கு எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் பிட்டர் வேலை. பேக்டரி பஸ் வாசலுக்கே வந்து அவரை ஏற்றிக்கொள்ளும், ஆனால் குடும்பத்துக்கு அதில் இடம் கிடையாது. மகள் சிகந்திராபாத்தில் காலேஜ் சேர்ந்திருந்தாள். சின்ன வயதில் போலியோ வந்து, வலது காலில் இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ். அவளுக்கு ஊர் பஸ்தான் கதி.

அந்த பஸ்ஸை நான் போர்டைப் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை, முகத்தைப் பார்த்துத்தான். இடது விளக்குக்குக் கீழே கன்னத்தில் குழி விழுந்த மாதிரி ஒரு நசுங்கல். அது ஸ்டாப்பான வேப்பமரத்தடியில் நிற்கவே நிற்காது. மரத்தைத் தாண்டி முப்பது அடி போய் மூச்சு வாங்கும். காலுள்ளவர்கள் ஓடித் தொற்றிக்கொள்வார்கள். என் மகள் பாதி தூரம் போவதற்குள் கண்டக்டர் இரண்டு பெல் அடித்துவிடுவார்.

இப்படி எத்தனையோ நாள் போயிற்று. கடைசியில் காலேஜில் சொல்லிவிட்டார்கள்: இன்னும் இரண்டு நாள் வராமல் போனால் பரீட்சை எழுத முடியாது.

"வீட்லயே இருக்கட்டும்டி," என்றார் இவர். "ஓடுற பஸ் பின்னாடி இவளை விட்டுட்டு, அங்க மெஷின்ல நான் எப்படி கை வெக்கிறது?"

மகள் பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டில் ஒரு தெலுங்குக்காரி. நான் அவளை வதினா என்பேன், அவளும் என்னை வதினா என்பாள். இருவரில் யார் அண்ணன் பெண்டாட்டி என்று கடைசிவரை முடிவாகவில்லை. அவளும் நானும் இதற்கு முன்பே தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு டிப்போவுக்கு ஒரு மனு கொண்டுபோயிருந்தோம். பதினாறு கட்டைவிரல் ரேகை. அங்கிருந்த ஆபீசர் தங்கமான மனுஷன், எங்களை உட்காரவைத்து டீ கொடுத்தார். பஸ் மட்டும் அதே முப்பதடி தள்ளித்தான் நின்றது.

அப்போது மார்கழி. நாம் கோலத்து நடுவில் சாணிப் பிள்ளையார் பிடித்துப் பூசணிப்பூ வைப்போமில்லையா, வதினா வீட்டில் அதற்கு கொப்பெம்மா என்று பேர். ஒன்று வைத்து அவளுக்குப் போதாது, ஐந்து வைப்பாள். காலேஜ் லீவான ஞாயிற்றுக்கிழமை காலையில் லாரிக்காரன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு வண்டியை ஒடித்து ஓரமாகப் போனான். வதினா என் கையைப் பிடித்தாள்.

"வதினா! சூசாவா, பாத்தியா? மனு கொடுத்தா நிக்காதவன், கொப்பெம்மாவுக்கு நிப்பான்!"

மறுநாள் விடியுமுன்பே வேப்பமரத்தடியில், பஸ் நிற்கவேண்டிய அதே இடத்தில், சாலையில் பாதி அகலத்துக்குக் கோலம் போட்டோம். நடுவில் ஐந்து கொப்பெம்மா, தலையில் மஞ்சள் பூ. மகளை அதன் பக்கத்தில் நிறுத்தினோம். பஸ் வந்தது. டிரைவர் பூவைப் பார்த்தார், பயபக்தியோடு ஒதுங்கினார், அப்படியே சுற்றிக்கொண்டு போய் ஐம்பதடி தள்ளி நின்றார். இரண்டு பெல்.

போச்சு ஒரு நாள். மிச்சம் ஒன்றுதான்.

"பஸ்ஸ நிறுத்துங்கடீன்னா துரத்திவிட்டுட்டு வந்து நிக்கிறீங்க," என்றார் இவர். மகள் மட்டும் சிரித்தாள். "அம்மா, சாமி இருக்கற எடத்துல பஸ் எப்படிம்மா நிக்கும்? சாமிக்கு முன்னாடிதான் நிக்கும்."

வதினா உடனே சாணி எடுக்கக் கிளம்பினாள்.

அடுத்த நாள் மரத்தைத் தாண்டிப் பத்தடி தள்ளிப் போட்டோம், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, ஒதுங்க வழியே இல்லாமல். அவசரத்தில் ஒரு இழை கோணலாகப் போனது. இன்றைக்கும் அது என் கண்ணில் நிற்கிறது.

பஸ் வந்தது. கன்னத்துக் குழி பெரிதாகிக்கொண்டே வந்தது. மூக்கு கோலத்துக்கு ஒரு முழம் முன்னால், வாசல் மரத்துக்கு நேராக, புஸ்ஸென்று நின்றது. படி என் மகளின் காலடியில்!

டிரைவர் தலையை நீட்டினார். "ஏந்தம்மா இதி? ரோட்டையே வாசலாக்கிட்டீங்களா?"

"எங்க பொண்ணு ஏறட்டும் நாயனா, எடுத்துடறோம்," என்றாள் வதினா, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு.

கண்டக்டர் இறங்கி வந்தார். உருது பேசுகிறவர், நல்ல உயரம். மகளைத் தூக்கிவிடக் கை நீட்டினார்.

"நக்கோ பாய், வேணாம்," என்றாள் மகள். "நானே ஏர்றேன். நீங்க பெல் மட்டும் அடிக்காதீங்க."

"ஹவ் பேட்டி," என்று சம்மதித்துக் கையை எடுத்துக்கொண்டார்.

நல்ல காலை முதல் படியில் வைத்தாள். கம்பியைப் பிடித்தாள். இரும்புக் காலை இழுத்தாள், டங் என்றது. அடுத்த படி, டங். ஜன்னலோரத்தில் அத்தனை முகம், ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. எஞ்சின் மட்டும் மாடு அசைபோடுவதுபோல அரைத்துக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய இரும்பு, இவ்வளவு ஜனம், என் பிள்ளைக்காக நிற்கிறதே என்று எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. அவள் உட்கார்ந்த பிறகு வதினா கொப்பெம்மாக்களைத் தட்டில் எடுத்தாள். பெல் அடித்தது. பஸ் எங்கள் கோலத்தின்மேல் மெதுவாக ஏறிப் போயிற்று.

மார்கழி முழுக்க அப்படியே நடந்தது. வதினா தட்டை எடுத்தால்தான் பெல். நாளாக ஆக, நரைத்தவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், கைக்குழந்தைக்காரிகள் எல்லாம் ஓடாமல் ஏறினார்கள். தள்ளியிருக்கும் சைனிக்புரியிலிருந்து ஒரு கிழவி இதற்காகவே நடந்து வந்து எங்கள் ஸ்டாப்பில் ஏறுவாள்.

பிறகு பொங்கல் வந்து போயிற்று. தை பிறந்த பின்னால் கொப்பெம்மா வைக்கக்கூடாதென்று வதினா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பரீட்சைக்கு இன்னும் எத்தனையோ நாள் இருந்தது, தவறவிட ஒரு நாள்கூட மிச்சமில்லை. லீவு முடிந்த காலையில் வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டு மூன்று பேரும் நின்றோம். மகள் கம்பியைத் தேடுவதுபோல வெறும் கையை மடக்கி மடக்கி நீட்டினாள்.

கன்னத்துக் குழி தெரிந்தது. மரம் வந்தது. பஸ் நின்றது. அதே இடம், படி அவள் காலடியில்.

டங், டங். உட்கார்ந்துவிட்டாள். பஸ் நகரவில்லை. டிரைவர் தலையை நீட்டி எங்களைப் பார்த்தார்.

"ஏம்மா, எப்படிப் போறது? தட்டு எங்க?"

வதினா குனிந்தாள். வெறும் தரையிலிருந்து, இல்லாத ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இல்லாத தட்டில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

கண்டக்டர் பெல் அடித்தார்.