பெயரில்லாத பக்கங்களை நீக்கியவள்

என் தங்கை தெல்லெர்வோ எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். எங்கள் ஊர் பீலவெசியில், முதியோர் இல்லத்துச் சலவை அறையில் இருபத்தாறு வருடம் வேலை. அவள் வென்றவை: மாகாணச் சிறுகதைப் போட்டியில் இரண்டு முதல் பரிசு, வானொலி நாடகத்துக்கு ஒரு இரண்டாம் பரிசு. எதையும் போய் வாங்கவில்லை. போட்டிக்குப் புனைபெயரில் அனுப்பி, சொந்தப் பெயரைத் தனி உறையில் வைத்து ஒட்டித் தர வேண்டும். அவள் உறைக்குள் வெற்றுத்தாள் வைத்தாள். 'வடக்கு ஜன்னல்' என்ற புனைபெயருக்குரியவர் யாரென்று செய்தித்தாளில் இருமுறை கேட்டார்கள்.

"பீலவெசியில பேரைச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா தலைக்கனம்னுதான் சொல்லுவாங்கண்ணா."

நான்காவது வெற்றி அவளுடைய பட்டியல். கதை எழுதுகிறவர்களுக்கு உதவும் இணையப் பக்கங்களை நூலகக் கணினியில் தேடித் தேடிச் சேர்த்தாள்: பழைய செய்தித்தாள்கள், பழைய வரைபடங்கள், எழுத்தாளர்களின் சந்தேகத்துக்குப் பதில் சொல்லும் மருத்துவர்கள். அதை இணையத்தில் போட்டாள், நாடு முழுக்க எழுதுகிறவர்கள் பார்த்தார்கள். பக்கத்தை நம்பலாமா என்று பார்க்க, தனக்கு ஏற்கெனவே பதில் தெரிந்த ஒன்றை ஒவ்வொன்றிலும் தேடிப் பார்ப்பாள். வானிலைப் பக்கத்தில், அம்மாவை அடக்கம் செய்த நாளின் குளிர். அன்று நான் குறித்து வைத்திருந்ததற்கும் அதற்கும் அரை டிகிரிதான் வித்தியாசம். சேர்த்தாள். எழுதியவர் பெயரில்லாத பக்கத்தை மட்டும் எப்போதும் நீக்கிவிடுவாள்.

"உன் தங்கச்சி எனக்கு மார்க் போட்டா நான் ஃபெயில்தான்யா" என்பார் நூலகர் ரெய்மா.

2013 பிப்ரவரியில் அவள் கணவன் ஓஸ்மோ காட்டில், மரம் வெட்டும் இயந்திரத்துக்குள் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் இறந்தான். போலீஸ்காரரும் பாதிரியாரும் வந்து சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். அவர்களைக் கதவு வரை கொண்டுபோய் விட்டாள். திரும்பி வந்து, பாதியில் விட்ட உருளைக்கிழங்கை உரித்து முடித்து வேக வைத்தாள். இருவரும் சாப்பிட்டோம். நன்றாகத் தாங்கிக்கொண்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஏப்ரலில் பட்டியலுக்குத் திரும்பினாள். துக்கத்தை எழுதுவது எப்படி என்று சொல்லும் ஆறு பக்கங்கள் அதில் இருந்தன. போலீஸ்காரர் போனதும் மனைவி என்ன செய்வாள்? அலறுவாள், மயங்கி விழுவாள், கண்ணாடி டம்ளரை நழுவ விடுவாள் என்று ஆறிலும் இருந்தது. ஆறையும் நீக்கினாள். அந்தத் தலைப்பின் கீழ் ஒன்றும் மிஞ்சவில்லை. ஏன் காலியாக இருக்கிறது என்று மூன்று பேர் எழுதிக் கேட்டார்கள்.

"நானே எழுதணும்ணா. ஆனா பேர் இல்லாம போட்டா என் பட்டியல்ல அதுக்கு இடமில்ல."

"பேர் போட்டா ஓஸ்மோவோட அம்மா படிப்பாங்க."

"படிப்பாங்க. புருஷன் செத்த சேதியைக் கேட்டுட்டு உக்காந்து கிழங்கு தின்னவள்னு ஊரே சொல்லும். அவங்க வீட்டுப் படிய நான் இனி மிதிக்க முடியாது."

"உப்பு மீனும் தின்னோம். அதுல பெரிய துண்டு எனக்கு."

அவள் சிரிக்கவில்லை. "அதையும் போடறேன்" என்றாள்.

மூன்று வாரம் எழுதாமல் இருந்தாள். பிறகு ஒன்றரைப் பக்கம் எழுதி என்னிடம் நீட்டினாள். அழுததாக ஒரு வரியும் இல்லை. கிழங்கு ஐந்து என்று எழுதியிருந்தாள், சரி. போலீஸ்காரர் வந்த மணி நாலு பத்து என்றிருந்தது. நாலு இருபது என்று திருத்தினேன். ஒத்துக்கொண்டாள். நூலகத்தில் உட்கார்ந்து, பட்டியலில் காலியாக இருந்த தலைப்பின் கீழ் முழுவதையும் தட்டச்சு செய்தாள். கடைசி வரிக்குக் கீழே முழுப்பெயரையும் ஊரையும் தேதியையும் போட்டாள். தெல்லெர்வோ ரூஸ்கனென், பீலவெசி, 2013 மே 14.