வீட்டுக்கு ஒரு பிரசை

இங்கிலாந்தின் வடக்கில் நாங்கள் குடியிருக்கும் ஊரில், நானும் என் கணவரும் ஒரே நாளில் அந்தப் பரீட்சையை எழுதினோம். குடியுரிமை கேட்பவர்கள் எழுதவேண்டிய பரீட்சை. அந்த நாட்டின் வரலாறு, சட்டம், பண்டிகை எல்லாம் அதில் வரும். நான் சித்தியடைந்தேன். அவர் சித்தியடையவில்லை.

கிரிக்கெட்டைப் பற்றிக் கேட்பார்கள் என்று நம்பிப் போயிருந்தார். கேட்டது அரசர்களைப் பற்றி. வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது சொன்னார்:

"ஆறு பொண்டாட்டி கட்டின ஒரு ராசா. அதுல எத்தினையாவது பொண்டாட்டிர தலைய வெட்டின எண்டு கேக்கிறானுகள். நம்மட மார்க்கத்துல நாலுக்கு மேல பேச்சே இல்ல. நான் என்னத்துக்கு அதப் பாடமாக்கணும்?"

"திரும்ப எழுதலாந்தானே," என்றேன்.

"தேவல்ல. வீட்டுக்கு ஒராளாச்சும் இலங்கைப் பிரசையா இரிக்கத்தான் வேணும்."

பரீட்சைக்குப் போகும்வரை அவருக்கு இப்படி ஒரு கொள்கை இருந்ததில்லை. பஸ் வருவதற்குள் அது முழுதாக வளர்ந்துவிட்டது.

சில மாதங்கள் கழித்து நகர மண்டபத்தில் எனக்குச் சத்தியப்பிரமாணம் நடந்தது. மேசைக்குப் பக்கத்தில் அரசரின் படமொன்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். அவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று, மற்றவர்களோடு சேர்ந்து நானும் சொன்னேன். பக்கத்தில் நின்ற பெண் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. தேநீர் தருவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தந்தார்கள்.

அன்று மாலை சாய்ந்தமருதுக்கு அழைத்து உம்மாவிடம் விசயத்தைச் சொன்னேன்.

"ஆர்ர பேரால சத்தியம் பண்ணின நீ?" என்று உம்மா கேட்டார்.

"அல்லாஹ்ட பேராலதான் உம்மா."

"ஆருக்கு?"

"ராசாவுக்கு."

 பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லி உம்மா தொலைபேசியை வைத்துவிட்டார். என் சத்தியம் அதுவரை செல்லுபடியாகவில்லை. இமாம் என்ன சொன்னார் என்பது அடுத்த அழைப்பில் தெரிந்தது. ஒரு நாட்டில் இருந்தால் அந்த நாட்டுச் சட்டத்துக்கு நடக்கத்தான் வேண்டும், வணக்கத்தைத் தடுக்காதவரை குற்றமில்லை என்று சொல்லியிருந்தார்.

"தொழ உடுறானா?" என்றார் உம்மா.

"ஓம் உம்மா."

"நோம்புக்கு ஒண்டும் சொல்றல்லயா?"

"இல்ல உம்மா."

"அப்ப சரி," என்று சொல்லி தொலைபேசியைத் தங்கையிடம் கொடுத்தார். இமாம் சம்மதித்த பிறகுதான் நான் பிரித்தானியப் பிரசை ஆனேன் என்றே எங்கள் குடும்பத்தில் இன்றும் கணக்கு.

தங்கைக்கு அப்போது மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. எங்கள் பக்கத்து ஊர்களில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே பெண்ணுக்கு ஒரு வீடு வேண்டும், அந்த வீடு அவள் பெயரில் இருக்க வேண்டும். எனக்கு வாப்பா ஒரு வீடு கட்டித் தந்திருந்தார். தங்கைக்கு இன்னொரு வளவில் அத்திவாரம் போட்டார். சுவர் எழும்ப முன்னர் மௌத்தாகிவிட்டார். உம்மாவும் தங்கையும் இருந்தது என் வீட்டில்தான். மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள். வீடு யாருடைய பெயரில் என்று ஒரு தடவை மட்டுமே கேட்டார்கள்.

வீட்டைத் தங்கையின் பெயருக்கு எழுதிவிடுவோம் என்று நான்தான் சொன்னேன். கணவர் யோசித்துவிட்டு, "நம்மட மகளுக்கு?" என்றார். அடுத்த அறையிலிருந்த மகள், தனக்கு வீடு வேண்டாம், வருகிறவன் ஒரு வீட்டோடு வரட்டும் என்றாள். விசயம் அத்தோடு முடிந்தது.

கல்யாணத்துக்கு ஊருக்குப் போவதற்கு முன்னர் பழைய கடவுச்சீட்டை லண்டனிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. இன்னொரு நாட்டின் பிரசையாகிவிட்டால் இலங்கைப் பிரசாவுரிமை தானாகவே இல்லாமல் போகும். இரண்டையும் வைத்திருக்க ஒரு வழி இருக்கிறது, ஆனால் அதற்குக் காலம் எடுக்கும், கல்யாணம் காத்திருக்காது. அதைப் பிறகு பார்ப்போம் என்று விட்டோம். இன்னும் பார்க்கவில்லை.

லண்டனுக்குக் கணவரும் கூட வந்தார். தன் கடவுச்சீட்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கருமபீடத்தில் இருந்தவர் ஒரு சிங்களப் பெண். அவருடைய தமிழும் என் சிங்களமும் பாதி வழியில் சந்தித்துக்கொண்டன.

"எந்த ஊர்?"

"சாய்ந்தமருது. கல்முனைக்குக் கிட்ட."

"ஆ, கல்முனை. தயிர் நல்லா இருக்கும்."

"ஓம், நல்லா இரிக்கும்."

அவர் என் கடவுச்சீட்டின் பக்கங்களைப் புரட்டினார். வெறும் பக்கங்கள்தான் அதிகம். இரண்டொரு முத்திரைகளைப் பார்த்துவிட்டு, அதே மாதிரியான வேறு சில கடவுச்சீட்டுகள் கிடந்த தட்டில் அதையும் வைத்தார்.

"முடிஞ்சுதா?" என்றேன்.

"முடிஞ்சுது." பிறகு என் கணவரைப் பார்த்து, "உங்கடதும் இருக்கா?" என்று கேட்டார்.

அவர் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார். "இல்ல, இல்ல. நான் சும்மா கூட வந்த."

படியிறங்கும்போது எனக்கு என்னவோ போல இருந்தது. என் முதல் கடவுச்சீட்டு, சுனாமி வந்த அன்று விசாவுக்காகக் கொழும்பில் கிடந்தது. அதனால் தப்பியது. வீட்டு அலுமாரியில் இருந்த எதுவும் தப்பவில்லை, என் அடையாள அட்டையும் சேர்த்துத்தான். அதற்குப் பிறகு நான் யார் என்று கேட்ட இடங்களிலெல்லாம் அந்தக் கடவுச்சீட்டைத்தான் நீட்டினேன். அது காலாவதியாகி இன்னொன்று வந்தது, பிறகு இன்னொன்று. தட்டில் வைத்துவிட்டு வந்தது அதன் பேரப்பிள்ளையை. அழுகை வரும்போலிருந்தது. ஆனால் பசியும் இருந்தது. கணவர் சாப்பாட்டுக்கடை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்.

கட்டுநாயக்காவில் வந்து இறங்கியதும் அவர் இலங்கையர் வரிசைக்கும் நான் வெளிநாட்டவர் வரிசைக்கும் போனோம். அவருடைய வரிசை ஓடியது. அவர் அந்தப் பக்கம் போய், பயணப்பெட்டிகளையும் எடுத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றார். வீட்டுக்காரர் ஒருவர் விருந்தாளியை எதிர்பார்த்து நிற்பதுபோல இருந்தது.

எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரப் பையன் அலைச்சறுக்குக்காக அறுகம்பேக்குப் போவதாகச் சொன்னான். இலங்கைக்கு இதுதான் முதல் தடவையா என்று என்னிடம் கேட்டான்.

முன்னரும் வந்திருக்கிறேன் என்றேன்.

எப்படி இருக்கும் என்று கேட்டான். வெயில் என்று சொன்னேன்.

அதிகாரி என் புதிய கடவுச்சீட்டைத் திறந்து, "சுற்றுலாவா?" என்றார்.

"உம்மாவப் பாக்க."

"அதுவும் சுற்றுலாதான்," என்று சொல்லி முத்திரையைக் குத்தினார். சிரிக்க வைக்கச் சொன்ன பகிடி எல்லாம் இல்லை. அவருடைய கணினியில் தாய்மாருக்குத் தனியாக ஒரு இடம் இருந்திருக்காது.

ஊருக்கு வந்து இரண்டொரு நாளில், வீட்டைத் தங்கைக்கு எழுதிக் கொடுக்க, கல்முனையில் நொத்தாரிசின் கந்தோருக்குப் போனோம். நான், கணவர், உம்மா, தங்கை. என் வீட்டின் உறுதிப் பத்திரத்தை அந்த நாளில் எழுதியவரே அவர்தான். வாப்பாவோடு பழக்கம். என் கல்யாணத்துக்கும் வந்து சாப்பிட்டவர். "வாங்க மகள்," என்று வரவேற்று எல்லோருக்கும் தேநீர் சொன்னார். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் கடவுச்சீட்டைப் பார்த்தார். தன்னிடமிருந்த பழைய உறுதியின் பிரதியைப் பார்த்தார். திரும்பவும் கடவுச்சீட்டைப் பார்த்தார்.

"இது ஆரு?" என்றார்.

புதிய கடவுச்சீட்டில் வாப்பாவின் பெயரை என் குடும்பப் பெயராக்கியிருந்தார்கள். என் பெயரின் பிற்பாதியைக் காணவில்லை. உறுதியில் இருந்தது என் முழுப் பெயரும், கடல் கொண்டுபோன அடையாள அட்டையின் இலக்கமும்.

"பழைய பாஸ்போட் இரிக்கா மகள்? அதுல ரெண்டும் இரிக்கும். ஒத்துப் பாத்தா முடிஞ்சிது."

"அதக் குடுத்திட்டன்."

"ஆருக்கு?"

"அரசாங்கத்துக்கு."

"எந்த அரசாங்கத்துக்கு?"

"நம்மட அரசாங்கத்துக்குத்தான்," என்றேன். 'நம்மட' என்பதைச் சொல்லலாமா என்ற யோசனை சொன்ன பிறகுதான் வந்தது.

பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை நீட்டினேன். அவர் வாசித்துவிட்டு, இப்படி ஒரு பிள்ளை பிறந்ததை இது சொல்கிறது, அந்தப் பிள்ளை நீங்கள்தான் என்பதை இது சொல்லவில்லை என்றார்.

உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்தவ நான் இஞ்ச குந்திக்கொண்டு இரிக்கன். அதுக்கு மேல என்ன கடதாசி?"

"உம்மா, நீங்க பெத்தது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். காணிக் கந்தோருக்குத் தெரியாது. அதோட, வீட்டை எடுக்கப்போறதும் உங்கட மகள்தான். நீங்க சொன்னா எடுபடாது."

 தங்கை தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு அழைப்பிதழ் அடித்து முடிந்திருந்தது. நான் எழுதித் தருகிறேன் என்றேன், வந்தும் நிற்கிறேன், ஆனால் நான் நான்தான் என்று காட்ட என் கையில் எதுவும் இல்லை. அந்த நேரம் லண்டன் கருமபீடத்துத் தட்டு கண்ணுக்கு முன்னால் வந்தது. 

நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு வழி இரிக்கி. இந்தப் பேரும் அந்தப் பேரும் ஒராள்தான் எண்டு சத்தியக் கடதாசி ஒண்டு முடிக்கணும். சத்தியம் சொல்றவர் இலங்கைப் பிரசையா இரிக்கணும். உங்கள நல்லாத் தெரிஞ்சவரா இரிக்கணும்."

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பரீட்சையில் தவறிய நாளிலிருந்து அவர் காத்திருந்தது இந்தக் கதிரைக்காகத்தான் என்பது முகத்தில் தெரிந்தது. சட்டைப்பையிலிருந்து கடவுச்சீட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

நொத்தாரிசு எழுதத் தொடங்கினார். "இவங்கள எவ்வளவு காலமாத் தெரியும்?"

"தெரியும் எண்டு சொல்ல ஏலா," என்றார் கணவர். "கட்டி இரிக்கன்."

"தெரியும் எண்டு போடுறன்."

"போடுங்க."

"இவங்க இன்னார்தான் எண்டு உங்களுக்கு ஏதும் சந்தேகம் இரிக்கா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நன்றாக, நேரம் எடுத்துப் பார்த்தார். உம்மா, "மருமகன்!" என்று ஒரு அதட்டுப் போட்டார்.

"இல்ல. சந்தேகம் இல்ல," என்றார்.

அவர் கையெழுத்தை வைத்தார். அந்த ஒழுங்கையிலேயே இருந்த சமாதான நீதவான் ஒருவர் வந்து அதை உறுதிப்படுத்தினார். அதற்குப் பிறகு நான் நானாகி, என் வீட்டைக் கொடுக்கும் தகுதியைப் பெற்றேன்.

நொத்தாரிசு புதிய உறுதியைச் சத்தமாக வாசித்தார். வடக்கே யாருடைய வளவு, கிழக்கே எந்த ஒழுங்கை, கிணறு, பயன்தரும் தென்னைகள். தென்னைகளில் சில கடலோடு போய்விட்டன. உறுதியில் நின்றன. நான் கையெழுத்து வைத்து, பெருவிரலையும் பதித்தேன். தங்கை என் பக்கத்தில் நின்று அழுதாள். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "ராத்தா, ராத்தா," என்று மட்டும் சொன்னாள். அப்போது எனக்கும் கண்ணீர் வந்தது. நகர மண்டபத்தில் வராதது, லண்டன் படிக்கட்டில் வரப் பார்த்தது, எல்லாம் சேர்ந்து கல்முனையில் வந்தது. கண்ணீர் விழாமல் நொத்தாரிசு உறுதியை மெதுவாக அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வரும் வழி முழுக்க ஓட்டோவில் கணவர் மகிழ்ச்சியை அடக்கிக்கொண்டு வந்தார்.  வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் கேட்டார்:

"நானும் அண்டைக்கு பாஸாகி இருந்தா?"

"வேற ஒராள் கிடைச்சிருப்பாரு," என்றேன்.

"கிடைச்சிருப்பாரு. ஆனா அவருக்குச் சந்தேகம் இருந்திருக்கும்," என்றார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை அமைதியான பிள்ளை. மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்தோம். தங்கைதான் பரிமாறினாள். முதல் நாளிலிருந்தே வீட்டுக்காரிக்குரிய நடை அவளுக்கு வந்துவிட்டது. அலுமாரியின் மேல்தட்டில் விருந்தாளிகளுக்கென்று உம்மா வைத்திருக்கும் பூப்போட்ட பீங்கான்களை எடுத்து, ஒன்றை மாப்பிள்ளைக்கும் ஒன்றை எனக்கும் வைத்தாள். நான் இரண்டு இடியப்பத்தோடு நிறுத்தியதைக் கண்டுவிட்டு, மீன் ஆணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"என்ன ராத்தா, கூச்சப்படாமப் போட்டுத் தின்னுங்க," என்றாள். "உங்கட வீடு மாதிரி நினைங்க."

உம்மா ஆணத்துக்குள் கரண்டியை விட்டு எதையோ தேடினார். கணவர் தன் பீங்கானைப் பார்த்தார். தங்கைக்குத் தான் சொன்னது தெரியவே இல்லை. மாப்பிள்ளைக்குத் தேநீர் எடுக்க உள்ளே போய்விட்டாள்.

நான் இன்னும் ஒரு இடியப்பம் எடுத்துக்கொண்டேன்.