பன்னிரண்டாம் இடத்துச் சந்தியாகு அண்ணன்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, மில் வாசலில் நின்று முதல் ஷிப்டுக்காரர்களின் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் என் உத்தியோகம். மூன்றாம் பாரத்தில் இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுந்தவனுக்கு வேறு என்ன கிடைக்கும்? குரல் மட்டும் கணீரென்று இருக்கும். பாதிப் பெயர்கள் ஆனபோது, கோயிலில் மணியடித்து விளக்கேற்றுகிற கோயில்பிள்ளை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். சிலுவைப்பாதை, நோன்பு என்று நாற்பது நாள் ஓடுகிற தபசுகாலத்தில் அந்த மனிதருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அவர் இத்தனை தூரம் வந்தால் நல்ல செய்தியாக இராது என்று தெரிந்தும், நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். அதற்கடுத்த பெயரையும் கூப்பிட்டேன்.

“இன்னாசி, கொஞ்சம் நிறுத்து. சந்தியாகு அண்ணன் போயிட்டாக. காலைச் செபம் சொல்லிக்கிட்டு இருக்கையிலேயே சாஞ்சுட்டாக” என்றார்.

பிறகு ஒருவனை இரண்டு முறை கூப்பிட்டேன், ஒருவனைக் கூப்பிடவேயில்லை. அந்தப் பையன் என் முன்னால் வந்து நின்று, “நானும் உசுரோட வந்திருக்கேன் சார்” என்றான். அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். நான் பட்டியலை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு, அவரைப் பற்றி நம் கோயில் பத்திரிகைக்கு எழுதச் சொன்னார். என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள் இந்தப் பங்கில் நாலு பேராவது இருக்கிறார்கள். அந்த நாலு பேருக்கும் அவரிடம் மறைத்துவைத்தது ஒன்றும் இல்லை. எனக்கு இருக்கிறது. அதனால் நானே எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சந்தியாகு அண்ணன் சிம்மக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. நூலை நீலத்தில் முக்கிப் பிழிந்து உதறுவது அவர் வேலை. சாயத் தண்ணீரில் நின்று நின்று அவருடைய பாதங்கள் கணுக்கால் வரை நீலமாகிவிட்டிருந்தன. செங்கல் தூள் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ‘நம்மளும் ஒருவகையில தேவமாதா முக்காடு கலருதான்’ என்று சிரிப்பார்.

பெரிய வியாழக்கிழமை பாதம் கழுவும் சடங்கு நம் கோயிலில் எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். சேசுநாதர் தம் சீடர் பன்னிருவருக்குச் செய்ததுபோல, ஏழைகளாகப் பார்த்துப் பன்னிரண்டு ஆண்களைப் பீடத்துக்கு முன்னால் வரிசையாக உட்காரவைத்து, சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவர் காலையும் கழுவித் துடைப்பார். அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே பீர்க்கங்கூடு போட்டுக் காலைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருவார்கள். சாமியாருக்கென்று அழுக்கு மிச்சம் வைக்கிற துணிச்சல் எவனுக்கும் கிடையாது.

சந்தியாகு அண்ணன் முதல் தடவை உட்கார்ந்தபோது நடுவில் எங்கேயோ உட்கார்ந்தார். அவர் காலைத் துடைத்த துண்டில் நீலம் ஏறி, அடுத்தவர் காலுக்கும் கொஞ்சம் போய்விட்டது. மறுவருஷம் கோயில்பிள்ளை, “அண்ணே, கோவிச்சுக்கிறாதீக, கடைசியில உக்காருங்க. துண்டு பாழாப் போகுது” என்றார். இதுதான் ஆரம்பம்.

ஆனால் கடைசி இடம் என்பது சும்மா ஓர் இடமாக இருக்கவில்லை. சுவிசேஷத்தில் அப்போஸ்தலர் பெயர்களை வரிசையாகச் சொல்லும்போது முதலில் இராயப்பர், கடைசியில் காட்டிக்கொடுத்த யூதாசு. ஆகவே முதல் நாற்காலி இராயப்பருடையது, பன்னிரண்டாவது யூதாசுடையது என்று நம் சனங்கள் முடிவு கட்டியிருந்தார்கள். சாமியார் பிரசங்கத்திலேயே சொல்லிப் பார்த்தார்: நாற்காலிக்குப் பெயர் கிடையாது, ஏழைகளின் காலைத்தான் கழுவுகிறோம் என்று. எல்லாரும் பக்தியாகக் கேட்டார்கள். யாரும் நம்பவில்லை. முன்பு ஒரு வருஷம் அந்த இடத்தில் உட்கார்ந்த குதிரைவண்டிக்காரருடைய குதிரை, சேசு உயிர்த்த பாஸ்குத் திருநாள் கழிந்த வாரத்தில் வழுக்கி விழுந்து செத்துப்போயிருந்தது. சாமியாரின் பிரசங்கத்தைவிடக் குதிரையின் சாட்சியம் பலமாக இருந்தது.

அந்த இடத்தில் சந்தியாகு அண்ணன் வருஷா வருஷம் உட்கார்ந்தார். தெருவில் இளவட்டங்கள், “யூதாசு வாராருடோய்” என்பார்கள். அவர் நின்று, “வாரேன் மாப்ள, வாரேன். அந்தக் கடைசி ஆளுக்கும் சேசுநாதர் கால் கழுவித்தான் விட்டாரு. பதினோரு பேரோட தண்ணி தீந்துபோச்சுன்னு எந்திரிச்சுப் போகலையே” என்பார். அவர் மகள் செபமாலை அப்போது சிறுமி. பள்ளிக்கூடத்தில் அவளை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. அவளுக்கு அவர் மாதிரிச் சிரிக்க வராது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

செபமாலைக்கு வயது வந்து, சோழவந்தான் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. தபசுகாலத்தில் கல்யாணம்தான் கூடாது. பேச்சுக்குத் தடை இல்லை. மாப்பிள்ளை வீட்டார் பெரிய வியாழன் சடங்கை மதுரையில் பார்த்துவிட்டு, அப்படியே பெண்ணின் வீட்டையும் பார்த்துப் போவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். அந்தச் செய்தியைச் சொன்னபோது அண்ணன் கையிலிருந்த காபி ஆறிக்கொண்டிருந்தது. அவர் கவலைப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எனக்குப் பெருந்தன்மை பொங்கியது. எனக்கு அது பொங்குகிற போதெல்லாம் யாருக்காவது கேடு வந்திருக்கிறது. “அண்ணே, இந்த வருஷம் நீங்க முதல் நாற்காலியில உக்காருங்க. கடைசியில நான் உக்காருறேன். துண்டு பாழானா நான் வேற வாங்கித் தாரேன். நான் ஒண்ணும் பணக்காரன் இல்லையே, சாமிகிட்ட நானே பேசிக்கிறேன்” என்றேன்.

“நெசமாத்தான் சொல்றியா? ஊரு உன்னையப் பேசும்டா.”

“பேசட்டுமே. தினம் முந்நூறு பேரைப் பேர் சொல்லிக் கூப்பிடுறேன். என்னைய ஒரு பேரு சொல்லிக் கூப்பிட்டா என்ன?”

இப்படி வசனம் பேச எனக்கு நன்றாக வரும்.

அந்தச் சமயம் என் மனைவிக்கு நிறைமாதம். அதற்கு முந்தின பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் இறந்திருந்தது. என் மாமியார் சேதி கேட்டதும், “பிள்ளைத்தாச்சி புருசன் போயி யூதாசு எடத்துல உக்காருறதா? வெளங்குமா?” என்றார். பல வருஷம் பழியை மாமியார் மேலேயே போட்டு வைத்திருந்தேன். மருமகன்மாருக்கு அது சுலபம். அந்த அம்மாள் சொன்னது ஒரு தடவைதான். அதன்பிறகு அன்று பகல் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குதிரை ஞாபகம் வந்தது. மூன்று நாள் மட்டும் இருந்த அந்தப் பிள்ளையின் கை ஞாபகம் வந்தது. சடங்கு நேரத்துக்கு நான் வைகைக் கரையில் மணலில் உட்கார்ந்து, எதிர்க்கரையில் துணி காயப்போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயிற்றுவலி என்று கோயிலுக்குச் சொல்லியனுப்பியிருந்தேன்.

அங்கே நடந்ததைக் கோயில்பிள்ளைதான் பிறகு சொன்னார். “பதினோரு பேரு உக்காந்துட்டாக. கடைசி எடம் காலி. சாமி துண்டைக் கட்டிட்டாரு. நான் ஒவ்வொருத்தன் மூஞ்சியாப் பாக்குறேன், ஒருத்தனும் அசையலை. அண்ணன் இராயப்பரு எடத்துல உக்காந்திருக்காக. மாப்பிள்ளை வீட்டு அம்புட்டுப் பேரும் முன்னாடியே நிக்கிறாக. அண்ணன் எந்திரிச்சு, தூண்கிட்ட நின்ன ஒரு ஆளைக் கூப்பிட்டு, ‘நீ வந்து இதுல உக்காரு, இந்த எடத்துல யாரு வேணும்னாலும் உக்காருவாக’ன்னு சொல்லிட்டு, பேசாமப் போயிக் கடைசியில உக்காந்துட்டாக.”

மாப்பிள்ளையின் தாயார் பக்கத்தில் நின்ற பெண்ணிடம், ஏன் இடம் மாறினார் என்று கேட்டிருக்கிறார். அவளும் விவரமாகவே சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் காபி கூடச் சாப்பிடவில்லை.

அன்று சாயந்தரம் என் வீட்டு வாசலில் சந்தியாகு அண்ணன் நின்றார். கையில் ஒரு புட்டி.

“வயித்துவலின்னாக. ஓமத்தண்ணி காச்சி எடுத்தாந்தேன். நாளைக்குப் பெரிய வெள்ளி, பட்டினி கிடந்து ஒருசந்தி இருக்கேன்னு வீம்பு பண்ணாதே. சீக்காளிக்கு ஒருசந்தி கிடையாது.”

நான் பாயில் படுத்திருந்தேன். படுத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் டம்ளரில் ஊற்றிக் கொடுக்க, கடைசிச் சொட்டு வரை குடித்தேன். வலி இல்லாத வயிற்றில் அது எரிந்த எரிச்சல் எனக்குத்தான் தெரியும்.

“மாப்பிள்ளை வீட்டுல என்ன சொன்னாகண்ணே?” என்று கேட்டேன்.

“வண்டிக்கு நேரமாச்சுன்னு போயிட்டாக. நீ பேசாமப் படு.”

அவர்கள் திரும்பி வரவேயில்லை. என் பிள்ளை பத்தாம் நாள் நல்லபடியாகப் பிறந்தான். அவனுக்கு ஞானத்தகப்பனாகச் சந்தியாகு அண்ணனையே நிறுத்தினேன். அதனால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்த என் புத்தியைப் பாருங்கள். அவர் அவனைக் கையில் ஏந்தி நின்றபோது, இப்போது சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. ஞானஸ்நானத் தண்ணீர் பட்டுப் பிள்ளை அழுதான். அந்தச் சாக்கில் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மறுவருஷம் தபசுகாலத்து வெள்ளிக்கிழமை ஒன்று. சிலுவைப்பாதை முடிந்து நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கோயில் முற்றத்தில் உட்கார்ந்தோம். உபதேசியார் பாதம் கழுவின பகுதியை வாசித்துவிட்டு, யாருக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டார். என்னைப் போன்றவர்கள் பிரசங்கத்தில் கேட்டதையே திருப்பிச் சொன்னோம். சந்தியாகு அண்ணன் ரொம்ப நேரம் கழித்துப் பேசினார்.

“இராயப்பரு, என் காலைக் கழுவ விடமாட்டேன்னு மல்லுக்கட்டுறாரு. யூதாசு ஒண்ணும் சொல்லலை, பேசாம நீட்டுறான். எனக்கு அந்த எடத்துல உக்காந்து உக்காந்து ஒண்ணு தோணுது. கால் கழுவுறப்ப சாமி தலை நம்ம முழங்காலுக்கு நேரா இருக்கு. மெள்ளச் சொன்னாப் போதும், வேற ஒருத்தருக்கும் கேக்காது. தப்புப் பண்ணிட்டேன்னு அப்பவே சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்கும்ல. பாவம், அவனுக்கு வாய் வரலை.”

உபதேசியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைக் குறித்துத்தான் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். “என்கிட்ட சொல்லிட்டீர், நல்லது. அவர்கிட்டயும் சொல்லிடும்” என்றார். அதிலிருந்து ஒவ்வொரு தபசுகாலமும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் காபி கொடுப்பார். ஞானமகன் எப்படி இருக்கிறான் என்று கேட்பார். யுத்தம், மண்ணெண்ணெய், மில் என்று எல்லாம் பேசுவோம். புறப்படும்போது, “என்னமோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சே” என்பார். “ஒண்ணுமில்லண்ணே, சும்மாதான்” என்பேன். ஏழெட்டு வருஷம் இப்படியே போயிற்று. செபமாலைக்கு இரண்டு வருஷம் கழித்து வேறு வரன் அமைந்து, மானாமதுரையில் ரயில்வேக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு, இரண்டு பிள்ளைகளோடு நன்றாகவே இருக்கிறாள். அதனால் என் பொய் நல்ல பொய்யாகிவிடாது.

இந்த வருஷமும் போனேன். இரண்டு வாரம் முன்னால்தான். கட்டிலில் சாய்ந்திருந்தார், இருமல். “அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று நானே ஆரம்பித்தேன். என் ஆயுசில் அவ்வளவு தூரம் வந்தது அதுவே முதல் தடவை. அவர் கையைக் காட்டி, “இப்பப் பேச்சுக் கொடுக்காதே, இருமல் வந்துரும். குருத்து ஞாயிறு கழிச்சு வா, சாவகாசமாப் பேசுவோம்” என்றார். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. சந்தோஷமாகவே நடந்து வந்தேன்.

குருத்து ஞாயிறுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கையில் அவர் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் வீட்டில் செபமாலை தகப்பனாரின் தலைமாட்டில் உட்கார்ந்து, பனையோலை விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். சேதி எட்டியதும் கிடைத்த வண்டியில் வந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அவள் அருகில் போய்த் தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றுவலி, வைகை மணல், ஓமத்தண்ணீர் எல்லாம். அவள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“ஏன் சித்தப்பா வரலை அன்னைக்கு?”

“பயமா இருந்துச்சும்மா.”

விசிறியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, “அப்பாகிட்ட சொல்லிட்டீகளா?” என்றாள்.

“இல்லை. சொல்லலை.”

“எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அவர்கிட்ட சொல்லுங்க. இன்னும் தூக்கலையே.”

கோபமாகவும் சொல்லவில்லை, ஆறுதலாகவும் சொல்லவில்லை. வழி கேட்டவனுக்கு வழி சொல்வதுபோலச் சொன்னாள். சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

தினமும் முந்நூறு பெயரைக் கணீரென்று கூப்பிடுகிற குரல், “அண்ணே” என்ற ஒரு சொல்லுக்கு வரவில்லை. இரண்டாவது தடவை வந்தது. வாசகர்கள் மன்னிக்க வேண்டும், நான் அவரிடம் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. சுருக்கமாகத்தான் சொன்னேன். இத்தனை வருஷம் சுமந்தது இவ்வளவு சின்னது என்று அப்போதுதான் தெரிந்தது. சொல்லி முடித்துவிட்டு, அவர் ஏதாவது சொல்வாரென்று, புத்தியில்லாமல், காத்திருந்தேன். அவர் சொல்லக்கூடியது என்ன என்று எனக்குத் தெரியும். இரண்டு வார்த்தை திட்டுவார், பிறகு காபி குடிக்கச் சொல்வார். ஆனால் தெரிந்துவைத்திருப்பதும் கேட்பதும் ஒன்றல்ல, அண்ணே. அந்த இரண்டு வார்த்தைக்காக இனி நான் எந்தத் தபசுகாலத்தில், எந்த வீட்டு வாசலில் போய் நிற்பது?

போய் இளைப்பாறுங்கள். சர்வேசுரன் உங்களை முதல் இடத்தில் வைத்தாலும் கடைசி இடத்தில் வைத்தாலும் உங்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

நான் குனிந்து பேசிய நேரம் முழுக்கச் செபமாலை விசிறியை நிறுத்தி மடியில் வைத்திருந்தாள். நான் எழுந்ததும், மறுபடியும் மெதுவாக விசிறத் தொடங்கினாள்.